பிட்டப் பகுதி: தசைகள், நரம்புகள், தமனிகள்

பிட்டப் பகுதி என்பது இடுப்பு எலும்பின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் அமைந்த, தடித்த தசைகளால் ஆன உடற்பகுதி ஆகும். மேலே இலியம் எலும்பின் முகடு, கீழே பிட்ட மடிப்பு, உட்புறம் திருவெலும்பும் வால் எலும்பும், வெளிப்புறம் தொடை எலும்பின் பெரிய டிரோகாண்டர் புடைப்பு ஆகியவை இதன் எல்லைகள். உட்கார்தல், எழுதல், படியேறுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய செயல்களுக்கு இப்பகுதியின் தசைகள் தேவை. இடுப்புக்கூட்டிலிருந்து காலுக்குச் செல்லும் முக்கிய நரம்பும் இவ்வழியாகவே போகிறது. மருத்துவமனைகளில் அதிகமாக ஊசி போடப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதால், மருத்துவ மாணவர் மட்டுமன்றிச் செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரும் இதன் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியுள்ளது.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய கல்லூரிகளில் சேரும் முதலாண்டு மாணவர்களுள் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் உண்டு. உடற்கூற்றியலில் அவர்கள் திணறும் பாடங்களுள் பிட்டப் பகுதி ஒன்று. பெயர்கள் நீளமானவை, எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஆனால் நடுவில் உள்ள ஒரு சிறு தசையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக இடம் பிடிக்கும்.

பெயர்கள் பற்றி

தமிழில் 'இடுப்பு' என்ற சொல் பல இடங்களைக் குறிக்கிறது. 'இடுப்பு வலி' என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் கீழ்முதுகு வலி. 'பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது' என்றால் பெரும்பாலும் முறிந்தது தொடை எலும்பின் கழுத்து. 'ஊசி இடுப்பிலா, கையிலா?' என்று செவிலியர் கேட்கும்போது பிட்டத்தின் மேற்புறத்தைக் குறிப்பிடுகிறார். மூன்றும் வெவ்வேறு இடங்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இங்குப் பிட்டப் பகுதி என்ற சொல் ஆளப்படுகிறது.

உடற்கூற்றியலைத் தமிழில் சொல்லும் முயற்சி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற சொல்லை ஆண்டார். இக்கட்டுரையில் பெரிய தசைகளுக்குத் தமிழ்ப் பெயரும், வகுப்பறையில் ஆங்கில ஒலியிலேயே வழங்கும் பெயர்களுக்கு அவ்வொலியும் தரப்பட்டுள்ளன.

எலும்புகளும் இரு துளைகளும்

இடுப்பு எலும்பு இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்னும் மூன்று எலும்புகள் இணைந்து உருவானது. இடுப்பில் கை வைக்கும்போது கையில் படும் மேடு இலிய முகடு. அதன் முன்முனையையும் விரலால் எளிதில் தொடலாம். பின்முனை இருக்கும் இடத்தில் தோலில் ஒரு சிறு குழி தெரியும். தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கும் கட்டை போன்ற எலும்பு இஸ்கியத்தின் புடைப்பு ஆகும்.

திருவெலும்பிலிருந்து இரண்டு உறுதியான இணைப்பு நார்கள் இஸ்கியத்துக்குச் செல்கின்றன. ஒன்று இஸ்கியத்தின் புடைப்பிலும் மற்றொன்று அதன் முள்ளிலும் பொருந்துகின்றன. இவை எலும்பின் பின்விளிம்பில் உள்ள இரு பள்ளங்களை மூடி, பெரிய சியாட்டிக் துளை, சிறிய சியாட்டிக் துளை என்னும் இரு வாசல்களை உண்டாக்குகின்றன. இடுப்புக்கூட்டின் உள்ளிருந்து பிட்டத்துக்கு வரும் நரம்புகளும் தமனிகளும் பெரிய துளை வழியாகவே வெளியேறுகின்றன.

பெரும்பிட்டத் தசை

குளூட்டியஸ் மேக்சிமஸ் எனப்படும் பெரும்பிட்டத் தசை உடலிலேயே மிகப் பெரிய தசை. இலியத்தின் பின்பகுதி, திருவெலும்பு, வால் எலும்பு, இஸ்கியப் புடைப்புக்குச் செல்லும் இணைப்பு நார் ஆகியவற்றில் தொடங்கி, சாய்வாகக் கீழும் வெளியுமாக இறங்குகிறது. இதன் இழைகளில் பெரும்பகுதி தொடையின் வெளிப்புறம் ஓடும் இலியோடிபியல் பட்டையில் சேர்கிறது. ஒரு பகுதி மட்டுமே தொடை எலும்பில் பொருந்துகிறது.

தொடையைப் பின்னோக்கி நீட்டுவதும் வெளிப்புறம் திருப்புவதும் இதன் பணி. சமதளத்தில் மெதுவாக நடக்கும்போது இதற்கு அதிக வேலையில்லை. திண்டுக்கல் கடைவீதியில் நாள் முழுதும் நடந்தாலும் இத்தசை பெரிதாகக் களைப்பதில்லை. அதே ஊரின் மலைக்கோட்டைப் பாறையில் ஏறத் தொடங்கினால் சில நிமிடங்களில் அது தன் இருப்பை உணர்த்திவிடும். மாவட்டத்தின் மேற்கே பழனியில் 693 படிகள் ஏறியவர்களுக்கு மறுநாள் பிட்டத்தில் ஏற்படும் வலியில் இத்தசைக்கும் பங்குண்டு. இதைச் செயல்படுத்தும் கீழ்ப் பிட்ட நரம்பு பழுதடைந்தால் சமதளத்தில் நடந்துவிடலாம். ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் கடினமாகும்.

நிற்கும்போது இத்தசை இஸ்கியப் புடைப்பை மூடியிருக்கிறது. உட்காரும்போது மேலே விலகிக்கொள்கிறது. எனவே நாம் தசையின்மேல் உட்கார்வதில்லை. எலும்பின்மேல், அதற்கும் தோலுக்கும் இடையிலுள்ள கொழுப்பின்மேலும் வழவழப்பான ஒரு நீர்ப்பையின்மேலும் உட்கார்கிறோம். நெடுநேரம் கடினமான பலகையில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்தப் பை வீங்கி வலிக்கும். பழைய ஆங்கில மருத்துவ நூல்கள் இந்நோய்க்கு 'நெசவாளர் பிட்டம்' என்றே பெயரிட்டன. தறியில் உட்கார்ந்து கால் மிதியை மாறிமாறி மிதிப்பவரின் பிட்டம் பலகையில் இடைவிடாமல் உராய்வதே காரணம். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டி திண்டுக்கல்லுக்கு அருகில்தான் உள்ளது; அங்குள்ள தறிக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையிருக்காது.

நடுப்பிட்டத் தசையும் சிறுபிட்டத் தசையும்

பெரும்பிட்டத் தசையின் மேல்முன் பகுதியில், அதனால் பாதி மறைக்கப்பட்டு, விசிறி வடிவில் நடுப்பிட்டத் தசை உள்ளது. அதற்கும் அடியில் சிறுபிட்டத் தசை உள்ளது. இரண்டும் இலியத்தின் வெளிப்பரப்பில் தொடங்கிப் பெரிய டிரோகாண்டரில் முடிகின்றன. இரண்டுக்கும் மேல் பிட்ட நரம்பே வருகிறது. தொடையைப் பக்கவாட்டில் விலக்குவது இவற்றின் பணி என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது சரியே என்றாலும், அன்றாட வாழ்வில் இவற்றின் முதன்மையான வேலை வேறு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தரையை விட்டு எழுகிறது. அப்போது ஊன்றிய காலின் பக்கமுள்ள இவ்விரு தசைகளும் இறுகி, இடுப்பு மறுபக்கம் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன.

வலப்பக்கத் தசைகள் செயலிழந்தவர் வலது காலில் நின்றால் இடுப்பின் இடப்பக்கம் கீழே இறங்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரீட்ரிஷ் டிரெண்டலன்பர்க் 1895இல் இதை விளக்கியதால் இது டிரெண்டலன்பர்க் அறிகுறி எனப்படுகிறது. இறங்குவது எதிர்ப்பக்கம், பழுது ஊன்றிய பக்கம். தேர்வில் பலர் மாற்றி எழுதுவது இங்குதான். ஒற்றைக் காலில் தாமே நின்று, ஊன்றிய பக்கத்தின் இடுப்பில் கை வைத்துப் பார்த்தால் தசை இறுகுவது தெரியும்; அதன்பின் மறக்காது.

இதே நரம்பு பெறும் மற்றொரு தசை, இலியத்தின் முன்முனையில் தொடங்கி இலியோடிபியல் பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்சர் ஃபேசியா லேட்டா.

பிரிஃபார்மிஸ் என்னும் அடையாளக் கல்

பெரும்பிட்டத் தசையை விலக்கினால், கீழடுக்கில் குறுக்காகச் செல்லும் சிறு தசைகள் தெரியும். மேலிருந்து கீழாக அவை: பிரிஃபார்மிஸ், மேல் ஜெமெல்லஸ், ஆப்டியூரேட்டர் இன்டர்னஸின் தசைநாண், கீழ் ஜெமெல்லஸ், குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ். அனைத்தும் தொடையை வெளிப்புறம் திருப்புபவை. தொடை எலும்பின் தலை கிண்ணத்திலிருந்து விலகாமல் காப்பவை.

இவற்றுள் பிரிஃபார்மிஸே திறவுகோல். இது திருவெலும்பின் முன்பரப்பில், அதாவது இடுப்புக்கூட்டின் உள்ளே தொடங்கி, பெரிய சியாட்டிக் துளை வழியாக வெளியே வந்து, பெரிய டிரோகாண்டரின் மேல்விளிம்பில் முடிகிறது. வாசலின் நடுவில் ஒருவர் நிற்பதைப் போல இது துளையை நிரப்பி நிற்கிறது. மற்றவை இதற்கு மேலாகவோ கீழாகவோதான் வெளியேற வேண்டும்.

மேலாக வெளியேறுபவை இரண்டே: மேல் பிட்ட நரம்பு, மேல் பிட்டத் தமனி. உடன் சிரைகளும் உண்டு. மற்ற அனைத்தும் கீழாகவே வருகின்றன. சியாட்டிக் நரம்பு, கீழ்ப் பிட்ட நரம்பும் தமனியும், தொடையின் பின்புறத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு, புடெண்டல் நரம்பு, உட்புடெண்டல் தமனி, சிறு தசைகளுக்கான இரு நரம்புகள் ஆகியவை அவை. புடெண்டல் நரம்பின் பாதை விந்தையானது. பெரிய துளை வழியே வெளியே வந்து, இஸ்கிய முள்ளைச் சுற்றி, உடனே சிறிய துளை வழியாக மீண்டும் உள்ளே நுழைந்துவிடுகிறது. பிட்டத்தில் அதற்கு வேலை எதுவும் இல்லை. கடந்து செல்லும் வழிப்போக்கன்தான்.

சியாட்டிக் நரம்பு

உடலிலேயே மிகத் தடித்த நரம்பு இது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் இருக்கும். எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 ஆகிய தண்டுவட நரம்புகளின் இழைகள் இதில் சேர்கின்றன. பிரிஃபார்மிஸின் கீழ்விளிம்பில் வெளிப்பட்டு, மேலே சொன்ன சிறு தசைகளின் மீது வளைந்து இறங்குகிறது. அப்போது இஸ்கியப் புடைப்புக்கும் பெரிய டிரோகாண்டருக்கும் நடுவே செல்கிறது. இவ்விரு எலும்பு மேடுகளையும் விரலால் தொட்டு உணர முடியும் என்பதால், நரம்பு இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே கணித்துவிடலாம்.

பிட்டப் பகுதியில் இது எந்தத் தசைக்கும் கிளை தருவதில்லை. தொடையின் பின்தசைகளும் முழங்காலுக்குக் கீழுள்ள எல்லாத் தசைகளும் இதனால்தான் இயங்குகின்றன. எனவே பிட்டத்தில் இது காயமுற்றால் பிட்டம் நன்றாகவே இயங்கும்; பாதம்தான் செயலிழக்கும். காயம் ஓரிடம், அறிகுறி வேறிடம்.

ஒரே உறைக்குள் இருந்தாலும் இது உண்மையில் இரு நரம்புகள்: உட்புறம் டிபியல் நரம்பு, வெளிப்புறம் பொதுப் பெரோனியல் நரம்பு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இவை பிட்டத்திலேயே பிரிந்து, பெரோனியல் பகுதி பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு வரும். வெளிப்புறம் இருப்பதாலும், இழைக் கற்றைகளுக்கிடையே பாதுகாப்புத் திசு குறைவாக இருப்பதாலும், காயங்களில் பெரும்பாலும் பெரோனியல் பகுதியே அதிகம் பாதிக்கப்படுகிறது. அப்போது பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கையில் விரல்கள் தரையில் உரசும். செருப்பு கழன்று விழும். இது பாதத் தொய்வு எனப்படும்.

பிட்டத்திலிருந்து கால்வரை இறங்கும் 'சியாட்டிகா' வலி இந்நரம்பின் பெயரைத் தாங்கினாலும், பெரும்பாலும் அதன் காரணம் கீழ்முதுகின் இடைத்தட்டு விலகி நரம்பு வேரை அழுத்துவதே. பின்பையில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் வண்டி ஓட்டுவோருக்குப் பிட்டத்திலேயே நரம்பு அழுத்தப்படுவதும் உண்டு. விபத்தில் முழங்கால் கார் டாஷ்போர்டில் மோதித் தொடை எலும்பின் தலை பின்னோக்கி நழுவினால், நேர் பின்னால் இருக்கும் இந்நரம்பு நசுங்கலாம்.

தமனிகள்

உள் இலியத் தமனியின் மிகப் பெரிய கிளை மேல் பிட்டத் தமனி. இது பிரிஃபார்மிஸுக்கு மேலாக வெளியேறி, மேலோட்டக் கிளை, ஆழக் கிளை எனப் பிரிகிறது. முன்னது பெரும்பிட்டத் தசைக்கும், பின்னது நடு, சிறு பிட்டத் தசைகளுக்கும் செல்கிறது. காயத்தில் இது அறுபட்டால் முனை சுருங்கி இடுப்புக்கூட்டுக்குள் பின்வாங்கிவிடலாம். வெளியிலிருந்து பிடித்துக் கட்டுவது கடினம் என்பதால் அறுவை மருத்துவர்கள் அஞ்சும் தமனி இது. கீழ்ப் பிட்டத் தமனி பெரும்பிட்டத் தசைக்கும் தொடையின் மேற்பகுதிக்கும் குருதி தருகிறது. சியாட்டிக் நரம்போடு ஓடும் ஒரு மெல்லிய தமனியும் இதிலிருந்து பிரிகிறது. கருவில் காலின் முதன்மைத் தமனியாக இருந்ததன் எச்சம் அது.

கீழ்ப் பிட்டத் தமனி, தொடையைச் சுற்றும் உள், வெளி வளைதமனிகள், ஆழ்தொடைத் தமனியின் முதல் துளைக்கிளை ஆகிய நான்கும் தொடையின் பின்புறம் சிலுவை வடிவில் இணைகின்றன. தொடைத் தமனி மேலே அடைபட்டாலும் இந்த இணைப்பு வழியாகக் காலுக்குக் குருதி சென்றுசேர வாய்ப்புண்டு.

தொடை எலும்பின் தலைக்குக் குருதி பெரும்பாலும் உள் வளைதமனியிலிருந்து, எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் நுண்கிளைகள் வழியே வருகிறது. முதியவர் வழுக்கி விழுந்து கழுத்து முறியும்போது இக்கிளைகளும் அறுந்துவிடுகின்றன. முறிவைச் சேர்த்து வைத்தாலும் தலை குருதியின்றி மடியக்கூடும். அந்த வயதில் பல வேளைகளில் செயற்கை மூட்டு பொருத்தப்படுவதற்கு இதுவே காரணம். மருத்துவமனை தேவையின்றிச் சொல்வதாகக் குடும்பத்தார் ஐயப்படுவதும் இந்த இடத்தில்தான்.

ஊசி எங்கே போடலாம்?

பிட்டத்தை ஒரு நெடுக்குக் கோட்டாலும் ஒரு குறுக்குக் கோட்டாலும் நான்காகப் பிரித்தால், மேல்வெளிக் கால்பகுதியே ஊசிக்கு ஏற்றது என்பது பழைய விதி. கீழ் இரு பகுதிகளிலும் சியாட்டிக் நரம்பு செல்கிறது. மேல் உட்பகுதியில் மேல் பிட்டத் தமனியும் நரம்பும் வெளிப்படுகின்றன. விதி சரியானதே. தவறு நிகழ்வது 'பிட்டம்' எதுவரை என்று அளப்பதில். உடையைச் சற்றே இறக்கிப் பார்க்கும்போது கண்ணில் படும் சதையை மட்டும் நான்காகப் பிரித்தால், கிடைக்கும் 'மேல்வெளி' உண்மையில் நடுப்பகுதியாக இருக்கும். மேல் எல்லை இலிய முகடு. அதை விரலால் தொட்டுக் கண்டபின்பே பிரிக்க வேண்டும்.

இதைவிடப் பாதுகாப்பான இடத்தை 1950களில் சுவிட்சர்லாந்தின் ஹோக்ஸ்டெட்டர் பரிந்துரைத்தார். நோயாளியின் வலப்பக்கத்தில் போடுவதானால் இடது உள்ளங்கையைப் பெரிய டிரோகாண்டரின் மேல் வைக்க வேண்டும். ஆட்காட்டி விரல் இலியத்தின் முன்முனையைத் தொட, நடுவிரலை இலிய முகட்டை நோக்கி விரித்தால், இரு விரல்களுக்கும் நடுவே முக்கோணம் கிடைக்கும். அங்கே நடு, சிறு பிட்டத் தசைகள் தடிமனாக உள்ளன. பெரிய நரம்போ தமனியோ இல்லை. இன்றைய செவிலியர் பாடநூல்கள் பல இவ்விடத்தையே முதலில் சொல்கின்றன. நம் ஊர்களில் இன்னும் பழைய இடமே வழக்கத்தில் உள்ளது; நோயாளி திரும்பிப் படுப்பதும் அங்கு காட்டுவதும் பழகிவிட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

கைக்குழந்தைகளுக்குப் பிட்டத் தசை வளர்ந்திருப்பதில்லை. தோலுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள தொலைவும் குறைவு. அதனால் இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி தொடையின் முன்வெளிப் பகுதியில் போடப்படுகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியையும் எந்த வயதினருக்கும் பிட்டத்தில் போடக்கூடாது. மருந்து தசையை எட்டாமல் கொழுப்பில் தங்கிப் பயன் குறைந்துவிடும்.

ஊசி நரம்பைத் தொட்டால், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற வலி உடனே காலில் இறங்கும். அந்தக் கணமே ஊசியை எடுத்துவிட வேண்டும். 'கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று மருந்தைச் செலுத்தி முடிப்பதுதான் பெருங்கேடு. குத்தலைவிட மருந்தே நரம்பிழைகளை அதிகம் அழிக்கிறது. பாதத் தொய்வு ஏற்பட்டால் கணுக்காலுக்குத் தாங்குபட்டையும் இயன்முறைச் சிகிச்சையும் உடனே தொடங்கப்படுகின்றன. பழுதின் அளவை மின்பரிசோதனை மூலம் மதிப்பிட ஏறத்தாழ மூன்று வாரங்கள் பொறுக்க வேண்டும். சிலருக்கு முழுதும், சிலருக்கு ஓரளவும் குணமாகும்.

இளம்பிள்ளைவாதம் பரவியிருந்த காலத்தில் பிட்ட ஊசிக்கு மற்றோர் ஆபத்தும் இருந்தது. போலியோ வைரஸ் உடலில் புகுந்திருந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணித் தசையில் ஊசி போட்டால், நரம்பை ஊசி தொடாவிட்டாலும், குத்திய காலிலேயே வாதம் வரும் வாய்ப்பு கூடியது. தென்னிந்தியாவில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவர்களும் பிரித்தானிய ஆய்வாளர் எச். வி. வயட்டும் 1992இல் தேவையற்ற ஊசிகளுக்கும் இளம்பிள்ளைவாதத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினர். ஊசி போட்டால்தான் காய்ச்சல் போகும் என்ற நம்பிக்கைக்கு அன்று குழந்தைகளின் கால்கள் விலையாயின.

இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இப்பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. ஆயினும் கண்காணிப்பு தொடர்கிறது. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரெனக் கால் தளர்ந்தால், காரணம் ஊசியாகவே தோன்றினாலும், சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரு மல மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன. பரிசோதிக்கும் மருத்துவர் காலின் உணர்ச்சியையும் பார்க்கிறார். போலியோவில் தசை தளர்ந்தாலும் தொடு உணர்வு இருக்கும். ஊசியால் சியாட்டிக் நரம்பு பழுதானால் பாதத்தின் மேற்பரப்பிலும் கெண்டைக்காலின் வெளிப்புறத்திலும் உணர்வு குறைந்திருக்கும்.